இன்னொரு விஜயன்

‘திமிரு’, ‘கொம்பன்’, ‘பிகில்’ என்று தமிழ்ப் படங்களில் வந்து போன ஐ.எம். விஜயனை நமக்கு நன்றாகத் தெரியும். திருச்சூர்க்காரர். சின்ன வயதில் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர், பிறகு அதே மைதானத்து ஹீரோ ஆனவர், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2025இல் பத்மஸ்ரீ வாங்கியவர். வெறுமனே ‘விஜயன்’ என்று சொன்னால் இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு இன்றும் அவர்தான்.

1997-98இல் அவர் எஃப்.சி. கொச்சின் அணியில் ஆடினார். அதே அணியில் அதே வருடம் இன்னொரு விஜயனும் இருந்தார். அவரும் ஸ்ட்ரைக்கர். அவர் தமிழர். அந்தப் பருவத்தின் தேசியக் கால்பந்து லீகில் மொத்த இந்தியாவிலும் அதிக கோல் அடித்தவர் யார் என்று பார்த்தால், 10 கோலோடு முதலிடத்தில் இருப்பவர் இந்த இரண்டாவது விஜயன்தான். பெயர் ராமன் விஜயன்.

மலையாள விஜயனைத் திரையில் பார்த்து விசிலடித்த நமக்குத் தமிழ் விஜயனைத் தெரியாமல் போனது எப்படி? சினிமாவில் நடிக்கவில்லை என்பது மட்டும் காரணமில்லை. அவர் பெயர் வாங்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் காலத்தில் சென்னையில் நன்றாகக் கால்பந்து ஆடுகிற பையனுக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, ரயில்வேயிலோ வங்கியிலோ மின்வாரியத்திலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கி, அலுவலக அணிக்கு ஆடி, காலாகாலத்தில் பிரமோஷனோடு ரிட்டயர் ஆவது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த வழி. இன்னொன்று ஹவுரா ரயில் ஏறுவது. ராமன் விஜயன் இரண்டாவதுக்குப் போனார். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார், இந்திய அணிக்கு ஆடினார், கொச்சிக்குப் போனார், மும்பையில் மஹிந்திரா யுனைடெட்டுக்கு ஆடினார். ஒரு தமிழ் ஸ்ட்ரைக்கர் பெயர் வாங்க இத்தனை ஊர் சுற்ற வேண்டியிருந்தது.

எஃப்.சி. கொச்சின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997இல் தொடங்கிய கிளப். இந்தியாவின் முதல் முழுத் தொழில்முறைக் கால்பந்து கிளப் என்று அதைச் சொல்வார்கள். அரசு வேலையோ மில் வேலையோ கொடுத்து அதற்குப் பக்கத்தில் ஆடவிடுவது அல்ல, ஆடுவதற்கே சம்பளம். பிறந்த வருடமே டூரண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானை 3-1 என்று வென்றது. கேரளத்துக் கிளப் ஒன்று டூரண்ட் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் பணம் வற்றியது, சம்பளம் நின்றது, 2002இல் கிளப்பே இல்லாமல் போனது. மஹிந்திரா யுனைடெட் 2005-06இல் தேசிய லீகையே வென்ற அணி. அதையும் 2010இல் மூடிவிட்டார்கள். ராமன் விஜயன் ஆடிய மைதானங்கள் அங்கேயே இருக்கின்றன. அவர் போட்டிருந்த சட்டைகளில் இரண்டுக்கு இப்போது சொந்தக்காரர்கள் இல்லை. கிளப் செத்தால் அதன் ரசிகர்களும் கலைந்துவிடுகிறார்கள், ஆட்டக்காரனை வருடாவருடம் நினைவுபடுத்த ஆள் இருப்பதில்லை.

அந்த 10 கோலின் எடை எனக்குப் புரிந்தது வேறு மாதிரி. ஐ.டி.காரனின் பழக்கம், எல்லாவற்றையும் எக்ஸல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பது. தேசியக் கால்பந்து லீக் 1996-97இலிருந்து 2006-07 வரை 11 பருவம் நடந்தது. வருடம், அதிக கோல் அடித்தவர், கிளப், நாடு என்று நாலு காலம் போட்டு, நாடு என்ற காலத்தில் ‘இந்தியா’ என்று ஃபில்டர் செய்தால் இரண்டே வரி மிஞ்சுகிறது. முதல் பருவத்தில் ஜே.சி.டி.க்காக 14 கோல் அடித்த பைசுங் பூட்டியா. இரண்டாவது பருவத்தில் ராமன் விஜயன். அதற்குப் பிறகு ஒன்பது பருவமும் வெளிநாட்டுக்காரர்கள். உஸ்பெகிஸ்தானின் இகோர் ஷ்க்விரின், பிரேசிலின் பரெட்டோ, கானாவின் யூசிஃப் யாகுபு, நைஜீரியாவின் ஒடாஃபா. (பூட்டியாவின் ஜே.சி.டி.யும் 2011இல் மூடப்பட்டது. அந்த இரண்டு வரிகளிலும் கிளப் காலத்தில் இருப்பவை இன்று இல்லாத கிளப்புகள்.)

2007இல் லீகின் பெயர் ஐ-லீக் என்று மாறியது. பட்டியல் மாறவில்லை. அடுத்த இந்தியப் பெயர் வந்தது 2013-14இல். சுனில் சேத்ரி, 14 கோல், அதுவும் இரண்டு வெளிநாட்டு வீரர்களோடு பங்கு போட்டு. ராமன் விஜயனுக்கும் சேத்ரிக்கும் நடுவே 16 வருடம்! 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை நடந்த 11 பருவங்களில் ஒரு இந்தியர்கூடத் தங்கக் காலணி வாங்கவில்லை. 2018-19இல் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீகை வென்றபோது, தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று அந்தப் பட்டத்தைத் தொட்டது முதல் முறை என்று கொண்டாடினோம். அந்த அணிக்கு 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி உருகுவேயில் பிறந்தவர்.

வெளிநாட்டு வீரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் வந்ததால் ஆட்டத்தின் தரம் கூடியது. விஷயம் வேறு. ஐ.டி. கம்பெனிகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். எல்லா விளம்பரத்திலும் ‘ஐந்து வருட அனுபவம் தேவை’ என்று போடுவார்கள். எல்லோரும் அனுபவசாலியையே எடுத்தால் ஃப்ரெஷருக்கு அந்த முதல் வருட அனுபவத்தை யார் கொடுப்பது? கால்பந்தில் இது ஸ்ட்ரைக்கர் இடத்தில்தான் மிக மோசமாக நடக்கிறது. ஒரு கோலில் ஆட்டம் மாறும், ஒரு ஆட்டத்தில் கோச்சின் வேலை போகும். அதனால் எந்தக் கோச்சும் அந்த இடத்தில் மட்டும் ரிஸ்க் எடுக்க மாட்டார். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18இல் ஐந்து, 2021-22இல் நான்கு என்று குறைத்தார்கள். நான்காகக் குறைந்தாலும் அதில் ஒருவர் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர்தான். கோல் அடிக்கத் தெரிந்த நம் பையனை விங்குக்குத் தள்ளிவிடுவார்கள். நாலு வருடம் அங்கேயே ஓடினால் அவன் கிராஸ் போடுகிறவனாகிவிடுவான்.

இதன் பில் தேசிய அணிக்கு வந்தது. சேத்ரி 2024 ஜூன் 6 அன்று குவைத்துக்கு எதிராக ஆடி, கண்ணீரோடு ஓய்வு பெற்றார். ஒன்பது மாதத்தில், 2025 மார்ச்சில், 40 வயதில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். சந்தோஷப்படுவதா, 140 கோடிப் பேரில் இன்னொரு ஆள் இல்லையா என்று தலையில் கை வைப்பதா?

ராமன் விஜயனின் இரண்டாவது வாழ்க்கையை நான் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆட்டத்தை நிறுத்திய பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். கொல்கத்தாவின் சதர்ன் சமிதிக்குப் பயிற்சி கொடுத்தார். அதோடு நிற்காமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, சென்னையில் தன் பெயரிலேயே சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். முன்னாள் நட்சத்திரம் பெரிய கிளப் கோச்சாக வந்தால் பேப்பரில் போட்டோ வரும். பத்து வயதுப் பையன்களுக்குக் கூம்பு அடுக்கி வைத்து விசில் ஊதினால் யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் ஸ்ட்ரைக்கர் உருவாவது அந்த வயதில்தான்.

கோல் அடிப்பது ஏதோ பிறவி வரம் என்று பேசுவோம். அதில் கற்றுக்கொடுக்கக் கூடியது நிறைய இருக்கிறது. பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பி, பின்னால் எவன் நிற்கிறான் என்று பார்ப்பது. முதல் தொடுதலிலேயே பந்தைத் தனக்குத் தோதான பக்கம் தள்ளிக்கொள்வது. வராத காலாலும் அடிப்பது. தடுப்பாட்டக்காரன் பந்தைப் பார்க்கிற அந்த அரை நொடியில் அவன் முதுகுக்குப் பின்னால் நழுவுவது. இதெல்லாம் ஆயிரம் முறை செய்து உடம்பில் ஏற வேண்டியவை. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏறினால் இயல்பாக வரும். இருபதில் ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும், யோசிக்கிற நேரத்தில் கோல்கீப்பர் வந்துவிடுவார்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஏழாயிரம்பண்ணை குறுக்கே வருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம். பட்டாசு ஆலையை நாங்கள் ‘ஆபீஸ்’ என்போம். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். ராமன் விஜயனின் தலைமுறையைச் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகள் இங்கே எட்டு வயதிலும் பத்து வயதிலும் ஆபீஸ் வண்டி ஏறினார்கள், குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 10 அன்று. முதல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியதும் அதே டிசம்பரில். நாட்டின் ஒரு பக்கம் தொழில்முறைக் கால்பந்துக்குக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், இந்த வயதில் இந்தப் பிள்ளைகள் விளையாட வேண்டியவர்கள் என்பதையே கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள். பெரிய மாற்றம், சின்னதாக நினைக்கக் கூடாது. ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயமில்லையே. கரிசல் காட்டில் கட்டாந்தரைக்குப் பஞ்சமில்லை. அங்கே கிரிக்கெட் நடக்கும், கபடி நடக்கும். ஓடுகிற பையனைப் பார்த்து ‘இவன் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிறான்டா’ என்று கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் பஞ்சம். அந்தக் கண் உள்ளவர் பள்ளி நடத்துகிற சென்னை இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கண்கள் முன்பும் இருந்திருக்கின்றன. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ் தமிழர். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் தன் முதல் சந்தோஷ் டிராபியை எடுத்தபோது அதன் பயிற்சியாளர் அவர்தான். தமிழ்நாடு இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. கோச்சையும் வெளியே கொடுத்தோம், 25 வருடம் கழித்து ஸ்ட்ரைக்கரையும் வெளியே கொடுத்தோம். இரண்டு முறையும் வாங்கிக்கொண்டது பக்கத்து மாநிலம், அவர்களுக்குக் கால்பந்து வேண்டியிருந்தது.

ராமன் விஜயன் திரும்பி வந்தவர். அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் நாளைக்குப் பெரிய ஆளாக வரலாம், வராமலும் போகலாம். கோச்சிங்கில் அடித்த கோலுக்குக் கணக்கு வைக்கிற பட்டியல் கிடையாது. ஆனால் என் எக்ஸல் ஷீட்டில் ‘இந்தியா’ என்று ஃபில்டர் போட்டால் வருகிற வரிகள் கூட வேண்டுமென்றால், அவர் சென்னையில் செய்கிற வேலையைச் சாத்தூரிலும் விருதுநகரிலும் யாராவது செய்தாக வேண்டும். முதலில் அந்த பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடமிருந்து திருப்பி வாங்க வேண்டும்.