தாளமும் சுருதியும் பிரிந்த வரலாறு

1960களின் இறுதியில் நியூயார்க் நடன அரங்குகளில் பிரான்சிஸ் கிராசோ இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தைச் செவியாலேயே பொருத்தி, ஒரு பாடல் முடியுமுன் மற்றொன்றை அதனோடு இணைத்தார்; ஆட்டம் இடையறாது தொடர்ந்தது. 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் நகர்த்தி, வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் இடமளித்தது. ஆயினும் தட்டு விரைந்தால் சுருதியும் ஏறும்: 6 விழுக்காடு வேகம் கூடினாலே பாடல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும்.

இதற்கான தீர்வு பேச்சொலி ஆய்விலிருந்து வந்தது. 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளனகனும் கோல்டனும் பேச்சொலியைச் சுருக்கி அனுப்பும் நோக்கில் ‘ஃபேஸ் வோகோடர்’ முறையை வெளியிட்டனர். ஒலியைக் குறுகிய அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்த அம்முறை, கால அளவையும் சுருதியையும் தனித்தனியே மாற்ற வழிகாட்டிற்று. இன்றைய டிஜே மென்பொருள்கள் சுருதி பிறழாமல் வேகத்தை மாற்றுவது இத்தகைய ஆய்வுகளின் பயனே.

‘சிங்க்’ பொத்தான் செவிப்பயிற்சியைத் தேவையற்றதாக்கிவிட்டது என்பர் சிலர். ஆனால் மனிதர் வாசித்த டிரம்மின் நடை சீராக நில்லாது. கிராசோ கையாண்ட தட்டுகள் அத்தகையவை. அங்கே மென்பொருள் வகுத்த சீரான அடிக்கட்டம் தவறும்போது, திருத்த வேண்டியது செவியே.