பொம்மைக்கு உயிர் வந்த வரலாறு

பொம்மைக்கு உயிர் இல்லை. மேசை விளக்குக்கு மனம் இல்லை. கடல் மீன் நம் மொழியில் பேசுவதில்லை. இவற்றை அறியாதார் எவரும் இலர். ஆயினும், திரையிலே ஒரு பொம்மை, தன்னோடு விளையாடிய சிறுவன் வளர்ந்து தன்னை மறந்துவிடுவானோ என்று முகம் வாடுங்கால், காண்போர் நெஞ்சமும் உடன் வாடுகின்றது. சிறுவர் மட்டுமா? பேரனுக்குத் துணையாக வந்த பாட்டனும் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றார். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாகாணத்திலுள்ள பிக்ஸார் என்னும் சித்திரப்படச் சாலை, கணினி யந்திரங்களின் துணைகொண்டு ஆக்கும் படங்களே இவ்விந்தையைச் செய்வன. சிராங்கூன் சாலைப் பக்கத்து இல்லங்களிலும், நகரின் அடுக்குமாடி வீடுகளிலும், தோட்டப்புறங்களிலும் வளரும் தமிழ்ச் சிறுவர் இப்படங்களின் பாத்திரங்களைத் தம் தோழர்போல் பெயர் சொல்லி அழைக்கின்றனர்.

இத்துணை அன்புக்குக் காரணம் யாது? யந்திரத்தின் வல்லமை என்பர் பலர். அன்று என்பது நமது துணிபு. அதனை அச்சாலையின் வரலாற்றைக் கொண்டே நிறுவப் புகுகின்றோம். அயல்நாட்டுப் படச்சாலையின் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் எண்ணவேண்டா. சிங்கப்பூரின் பங்கும், தமிழராகிய நமது குறையும் இக்கதையின் பிற்பகுதியில் அடங்கியிருக்கின்றன.

உயிரற்ற பொருளை உயிருள்ளதுபோல் ஆட்டிக் காட்டுங் கலை நமக்குப் புதியதன்று. விளக்கொளியில் திரைக்குப் பின்னே தோலில் வெட்டிய உருவங்களை ஆட்டும் பாவைக்கூத்தை நம் முன்னோர் விடிய விடியக் கண்டு மகிழ்ந்தனர். உள்ளத்தில் நாணம் இல்லாதவர் உலவுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று நாணுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறிப்போந்தார். அசைவு வேறு, உயிர் வேறு என்பதே அவ்வுவமையின் கருத்து. கணினிப் படத்தை அளக்கவும் இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை.

பிக்ஸாரைத் தோற்றுவித்தவருள் ஒருவரான எட் காட்முல் இளமையில் சித்திரப்படக் கலைஞராக விரும்பியவர். தமக்கு வரையும் திறன் போதாது என்று கண்டு விஞ்ஞானக் கல்வியில் புகுந்தார். 1972-ஆம் ஆண்டில் தம் இடக் கையின் உருவத்தைக் கணினியில் ஏற்றி, அது விரல்களை மடக்கி விரிப்பதுபோல் ஒரு சிறு படம் ஆக்கினார். 1979-இல் ஜார்ஜ் லூக்காஸ் என்னும் படத்தயாரிப்பாளர் தமது லூக்காஸ்பிலிம் நிறுவனத்தில் கணினிப் பிரிவை நடத்த அவரை அழைத்துக்கொண்டார். டிஸ்னி நிறுவனத்தில் வேலையிழந்த ஜான் லாசெட்டர் என்னும் இளங்கலைஞரும் 1984-இல் அங்கே வந்து சேர்ந்தார். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்பிரிவை 50 இலட்சம் டாலருக்கு வாங்கித் தனி நிறுவனமாக்கினார். அதுவே பிக்ஸார்.

அவ்வாண்டிலேயே லாசெட்டர் இரண்டு மேசை விளக்குகளை வைத்து ஒரு சிறு படம் எடுத்தார். பெரிய விளக்கு பார்த்து நிற்க, சின்ன விளக்கு பந்தொன்றை உருட்டித் துள்ளி விளையாடுகின்றது; பந்து உடைந்ததும் தலை கவிழ்கின்றது. கதை அவ்வளவே, இரண்டு நிமிஷங்கள்தாம். டல்லாஸ் நகரில் கூடிய கணினி வல்லுநர் மகாநாட்டில் அதைக் காட்டினார்கள். காட்சி முடிந்ததும் ஜிம் பிளின் என்னும் பெயர்பெற்ற வல்லுநர் ஐயம் கேட்க வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றி ஏதோ கடினமான கேள்வி வரப்போகின்றது என்று லாசெட்டர் அஞ்சினார். வந்தவர் கேட்டதோ, பெரிய விளக்கு தாயா, தந்தையா என்பது! கணக்கிலே வாழ்நாளைக் கழித்த ஒருவர் கணக்கை மறந்து குடும்பத்தைக் கண்டார். மரப்பாவைக்கும் இவ்விளக்குக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும்.

இனி, பெரும்படத்திற்கு வருவோம். முழுவதும் கணினியால் ஆக்கப்பட்ட முதல் நெடும்படமாகிய ‘டாய் ஸ்டோரி’ 1995-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் வெளிவந்தது. அக்காலத்து யந்திரங்களுக்கு மனிதத் தோலையும் மயிரையும் உள்ளவாறு காட்டும் ஆற்றல் இல்லை. பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பொருள்களே நன்கு வந்தன. ஆகவே பொம்மைகளையே பாத்திரங்களாகக் கொண்டனர். யந்திரத்தின் இயலாமையை மூடி மறைக்காமல், அவ்வியலாமைக்குப் பொருந்திய கதையைத் தேடிய அறிவு போற்றத்தக்கது.

ஆயினும் அப்படம் முதலில் நன்றாக அமையவில்லை. பணம் இட்ட டிஸ்னி நிறுவனத்தார் வேண்டியவாறெல்லாம் கதையை மாற்றி மாற்றி, கதாநாயகனான உட்டி என்னும் பொம்மையைக் கடுஞ்சொல்லும் தன்னலமும் நிறைந்தவனாக்கிவிட்டனர். 1993 நவம்பர் 19-இல் அதுவரை ஆன பகுதியைப் போட்டுக் காட்டியபோது, இத்தகையவனை யார் நேசிப்பார் என்ற நிலை தோன்றியது, வேலையும் நிறுத்தப்பட்டது. பிக்ஸார் கலைஞர் என் செய்தனர்? யந்திரத்தைக் குறை கூறவில்லை. சில மாதங்கள் இராப்பகலாக உட்கார்ந்து கதையைத் திரும்ப எழுதினர். புதிய பொம்மை வந்தவுடன் தன் இடம் பறிபோகுமே என்று அஞ்சுகின்ற, அவ்வச்சத்தால் தவறு செய்து பின் வருந்துகின்ற ஓர் எளிய உள்ளமாக உட்டியை மாற்றினர். உலகம் அன்புகொண்டது இந்த உட்டியின்மீதுதான். முன்னதற்கும் பின்னதற்கும் யந்திரம் ஒன்றே, மாறியது மனம். தாம் செய்தது பழுது என்று கண்டால் அதனைத் தயங்காமல் கலைத்துவிட்டு மீண்டும் செய்யும் துணிவே இச்சாலையின் முதல் மூலதனம் என்போம்.

இரண்டாவது, அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். 2003-இல் வந்த ‘பைண்டிங் நீமோ’ காணாமற்போன மகனைத் தேடிக் கடல் கடக்கும் ஒரு தந்தை மீனின் கதை. 2009-இல் வந்த ‘அப்’ மனைவியை இழந்த கிழவனின் கதை. அதன் தொடக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் மணந்து, பிள்ளைப்பேறு இன்றி வருந்தி, முதுமை எய்தி, ஒருவர் மறைய ஒருவர் தனித்து நிற்கும் வாழ்க்கை முழுவதும் பேச்சின்றிச் சில நிமிஷங்களில் காட்டப்படுகின்றது. ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத நம் பாட்டிக்கும் அது விளங்கும். 2015-இல் வந்த ‘இன்சைட் அவுட்’ பிறந்த ஊரை விட்டுப் பெற்றோரோடு வேற்றூருக்குக் குடிபெயர்ந்த பதினொரு வயதுச் சிறுமியின் மனத்துயரைக் கூறுவது. அழவேண்டிய வேளையில் அழுவதும் மனத்துக்கு நன்மையே என்று அது கற்பிக்கின்றது. கப்பலேறி வந்தவர் மரபில் தோன்றிய நமக்கு இத்துயரை எவரும் விளக்கவேண்டுவதில்லை. இப்படங்களில் துக்கம் மறைக்கப்படுவதில்லை. சிறுவர்தாமே, இவர்களுக்கு என்ன தெரியும் என்ற இகழ்ச்சியும் இல்லை.

இவற்றுள் நம்மை மிகவும் தீண்டுவது 2017-இல் வந்த ‘கோக்கோ’. மெக்ஸிகோ நாட்டு மக்கள் ஆண்டுதோறும் இறந்தோரை நினைந்து அவர்தம் படங்களை வைத்துக் கொண்டாடும் நாளே அதன் களம். இறந்தவரை நினைப்பார் ஒருவரும் இவ்வுலகில் இல்லாதொழியின், அவர் இரண்டாம் முறையாக இறக்கின்றார் என்பது அக்கதையின் உயிர்நிலை. ஆவியுலகம் உண்டென்று நாம் ஒப்பவேண்டுவதில்லை. நினைவு என்னும் கடமையை மறுப்பாரும் இலர்.

இவ்விடத்தில் நம் கதையை நினைத்துப் பார்ப்போமாக. கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துள் பழைய படங்களின் முன் நிற்குந்தோறும், அங்கே காணப்படாத முகங்களே நம் நினைவுக்கு வருகின்றன. காடு வெட்டி ரப்பர் நட்டவர், சாலை போட்டவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் ஆகியோருள் படம் பிடித்துக்கொள்ள வசதி பெற்றிருந்தவர் எத்தனை பேர்? 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழர் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டு பெயரின்றிப் புதைந்தனர். அவர்க்குப் படமும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்களை நினைப்பார் குறையக் குறைய, அந்த இரண்டாம் சாவு நம் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கின்றது.

‘கோக்கோ’ எளிதில் அமைந்துவிடவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 2013-இல் அத்திருநாளின் பெயரையே தம் வாணிகப் பெயராகப் பதிந்துகொள்ள டிஸ்னி நிறுவனத்தார் முயன்றனர். மெக்ஸிகோ வழியினர் வெகுண்டெழுந்தனர், நிறுவனத்தார் பின்வாங்கினர். கண்டித்தவருள் ஒருவரான லாலோ அல்கராஸ் என்னும் கேலிச்சித்திரக்காரரையும் பின்னர் ஆலோசகராக அழைத்துக்கொண்டனர். அதன் பயன், மெக்ஸிகோவில் அதுகாறும் வெளிவந்த படங்கள் யாவற்றினும் மிகுந்த வசூலை அப்படம் பெற்றது. தன் கதையைக் காக்க வாய் திறந்த மக்களுக்கே அக்கதையில் இடம் கிடைத்தது.

நிற்க. புகழ்ச்சியோடு நிறுத்துவது நேர்மையாகாது. 1999-இல் வந்த ‘டாய் ஸ்டோரி 2’ படத்தைக் கடைசி ஒன்பது மாதங்களில் திரும்பச் செய்தபோது, ஓய்வற்ற உழைப்பால் தொழிலாளர் பலர் கை நோயுற்றனர். ஒருவர் வேலையாட்களை மற்றவர் அழைத்துக்கொள்வதில்லை என்று முதலாளிகள் தமக்குள் செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டால் கூலி உயராமல் தடுக்கப்பட்டது என்று கலைஞர்கள் வழக்காடினர். 2017-இல் டிஸ்னி, பிக்ஸார், லூக்காஸ்பிலிம் முதலியோர் 10 கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டனர். பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற புகார்களின் பின் லாசெட்டரும் 2018 இறுதியில் பதவி நீங்கினார். இன்புறுத்தும் படத்தின் பின்னே உழைப்பவர் நோவும் உண்டு என்பதைத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த நாம் மறத்தலாகாது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். பிக்ஸாருக்குத் தாய்வீடாக இருந்த அதே லூக்காஸ்பிலிம், 2005-இல் சிங்கப்பூரில் ஒரு கணினிச் சித்திரப்படச் சாலையைத் திறந்தது. ‘குளோன் வார்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் ஆக்கத்திலும், 2015-இல் வந்த ‘ஸ்டிரேஞ்ச் மேஜிக்’ என்னும் முழுநீளப் படத்திலும் இவ்வூர்க் கைகள் உழைத்தன. 2014-இல் பியூஷனோபொலிஸ் பகுதியில் அதற்கெனப் பெருங்கட்டிடமும் எழுந்தது. யந்திரம் இருந்தது, பணம் இருந்தது, திறன் வாய்ந்த வாலிபரும் இருந்தனர். ஆயினும் 2023 ஆகஸ்டில் அச்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 300-க்கு மேற்பட்டோர் வேலையிழக்க நேர்ந்தது. பிறர் கதைக்குக் கை கொடுத்தவர், கதைக்கு உடையவர் கடையைக் கட்டியதும் வெறுங்கையராயினர். பால் வெட்டிய மரம் பிறருடையதாக இருந்த காலத்தை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டாரும் யந்திரத்தை நாடாமல் இல்லை. ரஜினிகாந்தின் நடிப்பசைவைப் பதிந்து கணினி உருவாக்கி 2014-இல் வெளியிட்ட ‘கோச்சடையான்’ பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. அதன் முயற்சியைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆயினும், நாம் அறிந்த நடிகரின் முகத்தை ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பதிலேயே நம் கண்கள் ஈடுபட்டன. உள்ளம் தனித்து நின்றது. இரண்டு மேசை விளக்குகள் இரண்டு நிமிஷத்தில் பெற்ற அன்பை அது பெறவில்லை என்றால், குறை எங்கே என்பது வெளிப்படை.

நமக்குக் கதை இல்லையா? 2015-இல் சஞ்சய் படேல் என்னும் இந்திய வழியினர் பிக்ஸாரில் ஒரு குறும்படம் ஆக்கினார். ஒரே அறையில் தந்தை பூசை செய்ய, மகன் தொலைக்காட்சியில் வீரசாகசம் காண்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் அறியத் தொடங்குவதே கதை. அது தம் இளமையில் நடந்தது என்று அவர் மறையாது கூறினார். அதற்கு ஆஸ்கர் போட்டியில் இடமும் கிடைத்தது. அத்தகைய அறை லிட்டில் இந்தியாவில் எத்தனை உண்டு! லயத்து வீட்டில் விளக்கில்லாமல் படித்த பெண், ஊருக்குப் பணம் அனுப்பித் தான் ஊர் திரும்பாத பாட்டன், இன்று கட்டிடம் கட்டிவிட்டு ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்று வீட்டாரோடு பேசும் தொழிலாளி: இவர்களுள் எவர் கதை மேசை விளக்கின் கதையினும் தாழ்ந்தது?

ஆகவே, நேயர்களே, நாம் வேண்டுவது யந்திரம் அன்று. யந்திரம் நாளுக்கு நாள் மலிந்து வருகின்றது. அதை இயக்கக் கற்ற நம் பிள்ளைகளும் பலர். முதியோர் சொல்லும் கதைகளோ அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டனையும் பாட்டியையும் உட்காரவைத்து, எங்கே பிறந்தார்கள், எக்கப்பலில் வந்தார்கள், யாரை இழந்தார்கள் என்று கேட்டு எழுதிவைப்போமாக. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் அதற்குப் போதும். அந்நோட்டுப் புத்தகம் இருந்தால், என்றேனும் ஒரு நாள் நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அதற்கு உயிர் கொடுப்பார்.