சுரத்தின் நடை

காய்ச்சல் ஒரு நோயன்று, உள்ளே நிகழும் நோயொன்றின் குறியே என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பிய வைத்திய சாஸ்திரிகளும் நம் நாட்டுப் பண்டிதர்களும் காய்ச்சலையே பலவேறு வியாதிகளாகப் பெயரிட்டு வகுத்து வந்தனர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. கருவி யாதொன்றுமின்றி, மேனியைத் தொட்டும், நாடி பிடித்தும், நாவையும் விழியையும் நீரையும் சோதித்தும், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அனுபவத்தின்மேல் எழுந்த வகுப்பு அது. வாத பித்த கபம் என்னும் அதன் அஸ்திவாரத்தை ஒப்பாதவரும் அந்தக் கவனிப்பின் நுட்பத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கித் தள்ளும் குளிர்காய்ச்சலையும், இரண்டு நாள் விட்டு வருவதையும், முறைக்காய்ச்சல் என்று கிராமத்துக் கிழவிகளே இனம் கண்டனர். பண்டைக் கிரேக்கத்து வைத்தியரும் அவ்வாறே நாளை எண்ணித்தான் பிரித்தனர்.

பாரன்ஹைட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714-ஆம் ஆண்டில். அது நோயாளியின் கட்டிலருகே நிலைபெறுவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. லைப்சிக் நகரத்து மருத்துவமனையில் பணியாற்றிய கார்ல் வுண்டர்லிக், ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள வெப்பமானியைக் கால்மணி நேரத்துக்கும் மேலாக அக்குளில் வைத்து, சுமார் 25,000 நோயாளிகளின் சூட்டை நாள்தோறும் குறித்து, அவற்றின் பலனை 1868-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது யாதெனில், ஒரு வேளையில் பார்த்த சூடு எவ்வளவு என்பதைவிட, அது காலையில் எப்படித் தணிந்து மாலையில் எப்படி ஏறிற்று, எத்தனை நாள் நின்று எவ்விதம் இறங்கிற்று என்னும் நடையே நோயைக் காட்டிக் கொடுக்கும் என்பதாகும். அவருடைய வெப்பமானி ஒன்று பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தார் அதைச் சோதித்தபோது உண்மைக்கு ஒரு பாகைக்கு மேலாகவே அது காட்டக் கண்டனர். எல்லா நாளும் ஒரே அளவு மிகுத்துச் சொல்லும் கருவி எண்ணைக் கெடுக்குமேயன்றி நடையைக் கெடுக்காது; ஆகையால் அவருடைய முடிவுக்கு அதனால் பெரிய பங்கமில்லை.

டைபாய்டு முதல் வாரத்தில் படிப்படியாக ஏறி, பின் இரண்டு வாரம் இறங்காமல் நின்று, நான்காம் வாரத்தில் மெல்லத் தணியும்; சூடு மிகுந்திருந்தும் நாடி அதற்கேற்ப விரையாமை அதன் தனிக்குறி. நிமோனியாவோ சடுதியில் ஏறி, ஏழாம் நாள் வாக்கில் வியர்வை பெருக ஒரே இரவில் இறங்கிவிடும். இங்கிலாந்தில் ஆல்பட் என்னும் மருத்துவர் ஆறங்குல நீளத்தில், ஐந்தே நிமிஷத்தில் அளவைச் சொல்லும் வெப்பமானியைச் செய்தபின், கட்டில்தோறும் சூட்டு வரைபடம் தொங்குவது வழக்கமாயிற்று. 1880-இல் லாவரன் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியையும், எபர்த் டைபாய்டுக் கிருமியையும் கண்டனர். டைபாய்டுக்கோ காரணம் புலப்பட்டதேயன்றி மருந்து கிட்டவில்லை. டைபாய்டு கண்டவரின் வீட்டார் கஞ்சித் தண்ணீரும் ஈரத்துணியுமாக மூன்று வாரத்தைக் கடத்துவதைத் தவிர வேறு வழியறியார்.

வழி பிறந்தது, விந்தையாக, நோயை மாற்றி நினைத்ததனால். 1948-இல் கோலாலம்பூரில், உண்ணி வகைப் பூச்சியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலுக்கு அமெரிக்க மருத்துவர்கள் குளோராம்பெனிகாலைப் பரீட்சித்துக்கொண்டிருந்தனர். அந்நோய் என்று எண்ணி மருந்து பெற்றவர்களுள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு எனப் பின்னர் தெரியவந்தது. அவர்களும் விரைவிலேயே தேறினர். வாரக்கணக்கில் நின்ற காய்ச்சல் அம்மருந்தினால் மூன்று நான்கு நாளில் தணியலாயிற்று.

அன்று முதல் வுண்டர்லிக்கின் வளைவுகள் பாடப் புத்தகத்தில் மட்டுமே முழுமையாகக் காணப்படுகின்றன. உடம்பு சுடத் தொடங்கிய அன்றே பாராசிட்டமாலும், கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கும் விழுங்கிவிட்டு ஐந்தாம் நாள் வருபவரின் வரைபடத்தில் படிகளும் இல்லை, முறையும் இல்லை. மருத்துவர் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார். முன்பே உண்ட மருந்து அங்கும் கிருமியை வளரவிடாமல் மறைத்துவிட, வந்தது எந்தக் காய்ச்சல் என்று தெரியாமலே குணமடைந்து வீடு திரும்புவோர் பலர்.