வோல்டேஜுக்குப் போட்ட பூட்டு

2012ஐ திண்டுக்கல்லில் கழித்தவர்களுக்கு அந்த வருஷம் கரண்ட் கட்டால்தான் ஞாபகம் இருக்கும். சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்குப் பல நாட்களில் 12 மணி நேரத்துக்கும் மேல். கரண்ட் வந்தாலும் லைன் நிலையாக நிற்காது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டினால் காயில் எப்படிக் கருகும் என்று சொல்வார்கள். வோல்டேஜ் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். இழுக்க இழுக்க சூடு. 230 வோல்ட்டில் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. விதி விதியாக இருந்தது.

அதே 2012 மார்ச்சில் என்விடியா ஜிடிஎக்ஸ் 680 என்ற கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. ஓவர்கிளாக் செய்கிற பசங்களுக்கு ஒரு காலம் அதோடு முடிந்தது என்று தோன்றுகிறது.

அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது? 1998இல் இன்டெல் செலரான் 300ஏ வந்தது. விலை குறைந்த சிப். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். எல்லாச் சிப்பும் ஓடாது, ஆனால் நிறைய ஓடின. எந்தச் சிப்பும் சரியாக அதன் எல்லையில் விற்கப்படுவதில்லை. சுமாரான சிப்பும் தாங்கட்டும் என்று கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் விற்கும். அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக். கிராபிக்ஸ் கார்டில் இன்னும் சுவாரசியம்: சில கார்டுகளில் ஒரு குட்டி ரெசிஸ்டரின் மேல் பென்சிலால் தேய்த்தால் போதும். கிராஃபைட் மின்தடையைக் குறைக்கும், ரெகுலேட்டர் ஏமாந்து வோல்டேஜை ஏற்றும். தேய்த்தது அதிகமானால் அழிரப்பர். (நிஜமாகவே.)

680 இந்த மிச்சத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1006 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். மின்சாரத்தில் இடம் இருந்தால் கார்டே மேலே ஏறும். ஜிபியு பூஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். கூடவே வோல்டேஜுக்கு 1.175 என்று உச்சவரம்பு. அதே வருஷக் கடைசியில், ஈவிஜிஏ தன் 680 கிளாசிஃபைட் கார்டில் வோல்டேஜ் ஏற்றுவதற்கென்றே வைத்திருந்த இவிபாட் இணைப்பை, என்விடியாவின் நெருக்கடியால் எடுத்துவிட்டது. அந்த வசதிக்காகவே கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

கம்பெனி சொன்ன காரணம் பொய்யில்லை. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 10 சதவீத வேகத்துக்காக வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்றினால், சூடு 33 சதவீதம் கூடும். இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டு 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12 ஆக்குகிறது, கார்டு அதைச் சுமார் 1 வோல்ட் ஆக்குகிறது. வோல்டேஜ் அவ்வளவு சின்னதானால் கரண்ட் பெரிசாகும்: 195 வாட் கார்டின் சிப்புக்குள் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். 5 எச்பி கிணற்று மோட்டார் ஒரு பேஸில் இழுப்பது 7, 8 ஆம்பியர்தான். அந்த ஓட்டத்தில் மெல்லிய உலோகக் கம்பியின் அணுக்களே மெல்ல இடம்பெயரும். மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார்: கரண்ட் நெரிசலும் சூடும் கூடக் கூட ஆயுள் குறையும். இன்று ஓடும், மூன்றாம் வருஷம் திரையில் புள்ளிபுள்ளியாக வரும்.

முன்பெல்லாம் சிப்பைச் சிறிதாக்கும்போது வோல்டேஜும் கூடவே இறங்கியது. ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்டு 1974இல் சொன்ன வழி அது. 2005 வாக்கில் அது நின்றுபோனது. அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் சரியாக மூடாது, ஒழுகும். அதனால்தான் 1 வோல்ட்டின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080ஐ என்ன இழுத்தாலும் சுமார் 1.09 வோல்ட்தான்.

எனக்குப் பிரச்சினை எல்லையில் இல்லை, சாவியில். நாகல் நகர்ப் பக்கம் கையால் பூட்டு செய்த ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, டிரிக் பூட்டு என்று எத்தனையோ வகை. திருடனைக் குழப்பத்தான் அந்த டிரிக். வாங்கினவனுக்குச் சாவியும் கொடுப்பார்கள், சூட்சுமமும் சொல்லிக்கொடுப்பார்கள். கார்டில் பூட்டு மட்டும் வந்தது. வாரண்டி கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்திருக்கலாம்.

கொடுக்காததால் பசங்க எதிர்த்திசையில் போனார்கள். மேலே போகத்தானே தடை, கீழே இறங்கலாமே! எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் வளைவைத் திறந்து, 1.06இல் ஓடும் வேகத்தையே 0.95இல் ஓடவைத்துப் பார்ப்பது. ஓடினால், அதே வேகத்துக்குச் சிப்பின் மின்சாரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். மே மாதம் திண்டுக்கல்லில் அறையே கொதிக்கும்போது அந்த 20 சதவீதம் ஃபேன் சத்தத்திலேயே தெரியும். யுபிஎஸ்ஸும் கரண்ட் போனபின் இன்னும் சில நிமிஷம் தாங்கும், ரெண்டரைச் சேவ் பண்ண அது போதும்.