பாஸ் அவுட்: தேர்ச்சியா, மயக்கமா?

துபாய் சத்வாவின் டைப்பிங் சென்டர்களில் சிவி அடிக்க வரும் நம் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு பரவிக்கிடக்கிறது. ‘2019 பாஸ் அவுட்’ என்று போடாதே, அதற்கு மயங்கி விழுந்தான் என்றுதான் பொருள், நம்மூரான் தப்பாகக் கட்டிய இங்கிலீஷ் அது என்கிறார்கள். நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் இதையே ஓதுகிறார்கள். கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

‘பாஸ் அவுட்’ வெள்ளைக்காரனின் பட்டாள வழக்கு. லண்டனுக்குத் தெற்கே அடிஸ்கோம்பில் கிழக்கிந்தியக் கம்பெனி 1809 முதல் 1861 வரை ராணுவப் பள்ளி நடத்தியது. முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் அங்கே படித்தவர். அப்படிப் பயிற்சி முடித்து வெளியேறுவதைத்தான் ஆங்கிலேயர் ‘பாஸ் அவுட்’ என்றார்கள். மயங்கி விழும் பொருளோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் இன்றும் நடப்பது பாஸிங் அவுட் பரேடு. அதற்கு யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை.

‘பாஸாகி வெளியே வந்தான்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது என்பார் சிலர். பொருந்தாது. தமிழன் பெரும்பாலும் ‘படிப்பை முடித்தான்’ என்றே சொல்வான், ‘வெளியே’ என்று சேர்க்கவேண்டியதில்லை.

நாம் செய்தது வேறு. பட்டாளச் சொல்லைக் கல்லூரிக்கு இழுத்தோம். ‘அவன் 2019 பாஸ் அவுட்’ என்று பெயர்ச்சொல்லாக்கினோம். துணைவினை சேர்த்ததில்தான் நம் காது தெரிகிறது. பரீட்சையை ‘பாஸ் பண்ணினான்’ என்போம். அது அவன் செயல். ‘பாஸ் அவுட் ஆனான்’ என்போம், அது நிலைமாற்றம். ‘பாஸ் அவுட் பண்ணினான்’ என்று சத்வாவில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே ‘தேறு’ என்ற வினையையும் பார்க்கவேண்டும். பரீட்சையில் தேறினான், மயக்கம் தெளிந்து தேறினான், காய்ச்சலில் கிடந்து உடம்பு தேறினான். தெளிவுதான் இதன் வேர். சங்கப் பாடல்களில் வரும் ‘தேறல்’, தெளிந்த கள், இந்த வேரில் கிளைத்ததே. வள்ளுவரின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரமோ ஆளை ஆராய்ந்து தேறுவதைப் பேசுகிறது. ஆங்கிலத்தில் ஒரே தொடருக்குத் தேர்ச்சியும் மயக்கமும் பொருளானால், தமிழில் ஒரே வினை தேர்ச்சிக்கும் மயக்கம் தெளிவதற்கும் நிற்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது பிழையென்றால் ‘தேறு’வையும் அல்லவா தள்ளவேண்டும்!

அமெரிக்கரோ பிலிப்பினோவோ படிக்கப்போகும் சிவியில் ‘கிராஜுவேட்டட்’ என்றே போடுங்கள். அவர்கள் காதுக்கு அதுதான் பழக்கம். ஆனால் ‘பாஸ் அவுட்’ தமிழன் செய்த பிழை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அடிஸ்கோம்புக் காலத்துப் பட்டாளச் சொல் என்பதே என் முடிவு.