பாட்டு யார் கையில்? மலையகத்தில் அச்சுத்தாளிலிருந்து ஒலிப்பதிவு வரை

இலங்கை மலையகப் பாட்டை ஆய்ந்தவர்கள் பெரும்பாலும் சொற்களையே தொகுத்தார்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை திரட்டியவை, அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1987இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாயின. பின்னர் சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தை விரிவாக எழுதினார். இரண்டும் பெரும்பணி. ஆனால் குரலும் தாளமும் எங்கே பதிவாயின, அந்தப் பதிவு யாருக்குச் சொந்தமாயிற்று என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, ஆள் எழுப்பியது தப்பு என்ற தோற்கருவி. காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அதே தப்புதான். கருவியைத் தோட்ட நிர்வாகம் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டாலும், பாட்டு லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த சனத்திடமே இருந்தது. அந்தப் பாட்டுக்கு முதலில் வெளியுலகம் காட்டியது அச்சு. 1920இல் இலங்கை வந்த கோ. நடேசய்யர் 1931இல் அட்டனை மையமாக்கித் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டு நூலையும் வெளியிட்டார். எஸ்.எஸ். நாதன், ஜில் சுல்தான், கோவிந்தசாமி தேவர் முதலானோர், பாட்டைத் தாளில் அச்சிட்டு விற்கும் பாட்டுத்தாள் மரபைச் செழிக்க வைத்தார்கள். தெரிந்த மெட்டில் புதுச்சொல்; பாடிக் காட்டி, கையோடு விற்பனை. எழுதியவர் பெயர் தாளிலேயே இருக்கும். சுயாதீன இசை வெளியீடு என்று இன்று சொல்வதற்கு மலையகத்தில் கிடைக்கும் முதல் வடிவம் இதுவே என்பது என் கருத்து.

ஒலிப்பதிவு வந்தபோது நிலைமை மாறியது. வானொலி நிலையமும் இசைத்தட்டு வணிகமும் கொழும்பில் குவிந்திருந்தன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் தென்னிந்தியச் சினிமாப் பாட்டே கோலோச்சியது. 1960களில் நித்தி கனகரத்தினமும் பின்னர் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையைப் பரப்பினார்கள். அதில் தோட்டத்துக்கு இடம் அரிது. அப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ என்ற தனியார் இசைத்தட்டு முத்திரை, அவரையொத்தவர்களின் பாட்டை வீடுதோறும் சேர்த்தது. தப்புக்காரருக்கு அப்படியொரு முதலாளி வாய்க்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் யார் இசைத்தட்டு விற்கப் பார்ப்பார்கள்?

இதே காலத்தில் பருத்தித் தோட்டங்கள் சூழ்ந்த அமெரிக்க நகரமான மெம்பிஸில் நடந்தது ஒப்பிடத்தக்கது. வங்கி ஊழியரும் வயலின் வாசிப்பவருமான ஜிம் ஸ்டூவர்ட் 1957இல் சிறு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடகு வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். 1960இல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் மூடிக்கிடந்த கேப்பிட்டல் திரையரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். சாய்ந்த தரையைச் சமப்படுத்தவில்லை. முன்பகுதியில் தின்பண்டம் விற்ற இடம் இசைத்தட்டுக் கடையாயிற்று. தெருப்பிள்ளைகள் கடைக்கு வந்து பாட்டுக் கேட்டு, அப்படியே உள்ளே நுழைந்து கலைஞரானார்கள். அதுவே ஸ்டாக்ஸ். அதன் வாத்தியக் குழுவான புக்கர் டி. அன்ட் த எம்.ஜி.ஸில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்தார்கள். நிறவாதச் சட்டங்கள் நிலவிய தெற்கில் அது சாதாரணமல்ல. பாடகர் ஒட்டிஸ் ரெடிங்கின் குரலை உலகம் கேட்டதும் இங்கிருந்துதான். ஆனால் 1965இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, அட்லாண்டிக் விநியோகித்த பாட்டுகளின் மூலப்பதிவு உரிமையை அந்த நிறுவனத்துக்கே கொடுத்திருந்தது. 1968இல் பிரிந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. ரெடிங் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்திருந்தார். ஸ்டாக்ஸ் மீண்டும் எழுந்து, 1975 இறுதியில் திவாலாகி மூடியது. கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. 2003இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஸ்டாக்ஸின் வெற்றிக்கு அதன் இடமும், தோல்விக்கு அதன் ஒப்பந்தத் தாளும் காரணம். இரண்டாவது பாடம் மலையகத்துக்கு நெருக்கமானது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில் பாடகர் தெருக்குரல் அறிவு, இலங்கைத் தோட்டத்தில் உழைத்து இந்தியா அனுப்பப்பட்ட தன் பாட்டியின் வாழ்வைக் கொண்டுவந்தார். ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவுடன் தொடங்கிய மாஜா என்ற சுயாதீன இசைத்தளம் அதை வெளியிட்டது, கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2022இல் படைப்புரிமை யாருக்கு என்று அறிவு பொதுவெளியில் கேட்டார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றும் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் தொடங்கப்போவதாகவும் சொன்னார். ‘சுயாதீனம்’ என்ற பெயர் மட்டும் கலைஞருக்குக் காப்பாகாது.

இன்று ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் இருந்தால் அட்டன் கடைவீதி அறையிலும் பதிவு செய்யலாம். கருவியைவிட முந்திக்கொள்ள வேண்டியது எழுத்து. காமன் பாட்டையோ ஒப்பாரியையோ பதிவு செய்யப் போகும் மாணவர்களும் இசைக்குழுக்களும், பாடும் அம்மாவின் பெயரையும் தப்படிப்பவரின் பெயரையும் அவர்களுக்குரிய பங்கையும் முதலில் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பிறகு ஒலிவாங்கியைத் திறக்கட்டும்.