ஒரு கழுத்து, இரண்டு வளைவுகள்

பேஸ் கிட்டாரில் சுருதி சேர்த்து முடித்ததும், அதன் நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையோடு இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த இழுப்பு ஓய்வதில்லை. லியோ ஃபென்டர் 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அவருடைய சாதாரண கிட்டாரைவிட எட்டரை அங்குலம் அதிகம். இத்தனை நீளமான, ஒரு கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒல்லியான மரத்துண்டு அத்தனை இழுப்பையும் தாங்கி வருடக்கணக்கில் நேராக நிற்க வேண்டும். மேப்பிள் மரம் தாங்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். காற்றில் ஈரம் ஏறினால் ஒரு மாதிரி வளையும், வறண்டால் வேறு மாதிரி வளையும். 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் சிலர் விண்கலங்களுக்கான கார்பன் இழையை எடுத்து இந்தக் கழுத்தைச் செய்யப் புறப்பட்ட கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். விண்வெளித் தொழில்நுட்பம் இசைக்குக் கொடுத்த வரம் என்று அதைச் சொல்வார்கள். மரத்தின் மீது இசைக்கலைஞர்களுக்கு இருந்த பாசத்தால் அந்த வரம் வீணானது என்று முடிப்பார்கள். இரண்டுமே பாதி உண்மை என்பது என் கருத்து. கழுத்தில் இரண்டு வகை வளைவுகள் உண்டு. கிராஃபைட் என்று இசைக்கருவி உலகம் அழைத்த அந்தக் கார்பன் இழை இரண்டையும் ஒரே அடியில் ஒழித்தது. ஒழிக்க வேண்டியிருந்தது ஒன்றை மட்டும்தான்.

முதல் வகை, தந்தியின் இழுப்பால் மெல்ல மெல்ல ஏற்படுகிற நிலையான வளைவு. இதற்கு மருந்து முன்பே இருந்தது. கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த டெட் மெக்ஹியூ, கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பிக்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். ட்ரஸ் ராட் என்று இன்று எல்லாரும் சொல்லும் அந்தக் கம்பியின் நட்டைத் திருகினால் கழுத்து எதிர்த்திசையில் விறைக்கும். தளர்த்தினால் தந்தி இழுக்கிற பக்கம் சற்றுக் குழியும். சென்ற வாரம் நாம் பார்த்த டிராவிஸ் பீன், கிரேமர் நிறுவனங்களின் அலுமினியக் கழுத்துகளும் இதே வளைவோடுதான் மல்லுக்கட்டின. அலுமினியம் ஈரத்தைக் குடிக்காது என்பது உண்மை. ஆனால் வெப்பத்தில் அது நீளும், மேடை விளக்குச் சூட்டில் சுருதி நகரும், குளிர்நாட்டில் கையில் எடுத்தால் சில்லென்றிருக்கும், எடையும் கூடுதல்.

இரண்டாவது வளைவு கண்ணுக்குத் தெரியாது. தந்தி அதிரும்போது கழுத்தும் சேர்ந்து அதிர்கிறது, மேலும் கீழுமாக நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை வளைந்து நிமிர்கிறது. ஃபென்டர் பாணி பேஸ் ஒன்றை எடுத்து ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக மீட்டிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில், மற்றச் சுரங்கள் நீண்டு ஒலிக்க, ஒன்று மட்டும் பொத்தென்று அமுங்கிவிடும். வாசிப்பவர்கள் இதை ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். அந்த ஃப்ரெட்டுகளில் தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸிலிருந்து 147 ஹெர்ட்ஸ் வரை. கழுத்தின் சொந்த அதிர்வெண்களில் ஒன்றும் அந்த அக்கம்பக்கத்தில் விழுந்துவிட்டால், தந்தியின் ஆற்றலைக் கழுத்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கழுத்து ஆடுகிறது; தந்தி அடங்கிப்போகிறது. ஜெர்மனியில் மியூனிக் ராணுவப் பல்கலைக்கழகத்தின் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990-களில் ஃப்ரெட் ஃப்ரெட்டாகக் கழுத்தின் அசைவை அளந்து பார்த்தார். கழுத்து எந்த இடத்தில் எந்த அதிர்வெண்ணுக்கு எளிதாக இடம் கொடுக்கிறதோ, அங்கே அந்தச் சுரம் சீக்கிரம் சாகிறது என்று அந்த அளவீடுகள் காட்டின. ட்ரஸ் ராடை எவ்வளவு திருகினாலும் இந்தக் கோளாறு தீராது. அது நிற்கிற வளைவைத் திருத்தும் கருவி. அதிர்கிற வளைவு அதற்குக் கட்டுப்படாது. கழுத்தின் சொந்த அதிர்வெண்ணை மாற்ற வேண்டுமானால் ஒன்று அதை மேலும் விறைப்பாக்க வேண்டும், அல்லது அதன் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கார்பன் இழைதான் அந்த இரண்டையும் ஒருசேரக் கொடுத்தது. ஜெஃப் கூல்டு கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஃபோர்டு நிறுவனத்தின் விண்வெளிப் பிரிவில் வேலை செய்தவர். 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கச்சேரிக்குப் போனபோது, ஃபில் லெஷ் மாட்டியிருந்த, மின்னணுச் சாதனங்கள் திணித்த அலெம்பிக் பேஸின் கனம் அவர் கண்ணில் பட்டது. எடையைக் குறைக்கவே கார்பன் இழை கையாளும் துறையில் இருந்தவருக்கு, பேஸையும் அதே இழையில் செய்து பார்க்கலாம் என்ற யோசனை தோன்றியதில் வியப்பில்லை. வாயேஜர் விண்கலங்களின் 3.7 மீட்டர் அகல ஆன்டெனா தட்டு இதே வகைப் பொருளில் ஆனது. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் உறைகுளிர் என்றாலும் தட்டின் வடிவம் பிசகக் கூடாது. இழையின் நீளவாக்கில் கார்பன் வெப்பத்தால் ஏறக்குறைய நீள்வதே இல்லை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூல்டு அலெம்பிக் நிறுவனத்தை அணுகினார். அங்கே ரிக் டர்னர் ஏற்கெனவே மேப்பிளையும் பர்ப்பிள்ஹார்ட்டையும் பட்டை பட்டையாக ஒட்டி விறைப்பான கழுத்துகளைச் செய்துகொண்டிருந்தார். அதாவது கேள்வி அங்கே முன்பே எழுந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விண்வெளித் துறை தந்தது விடைக்கான பொருளை மட்டுமே; கேள்வி மரவேலைக்காரர்களுடையது. 1977-இல் வணிகக் கண்காட்சி ஒன்றில் வைக்கப்பட்ட முதல் கிராஃபைட் கழுத்து பேஸை ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ஜான் மெக்வீ வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டே கூல்டு, மாடுலஸ் கிராஃபைட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1979-இல் ரிக் டர்னர் பெயரில் இத்தகைய கழுத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பொருளை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தால் இவர்கள் தோற்றிருப்பார்கள். ஒரே திசையில் கார்பன் இழைகளை அடுக்கி எபாக்ஸி பிசினில் இறுக்கினால், அது மேப்பிளைப்போலப் பத்து மடங்கு விறைப்பானது. ஆனால் அடர்த்தியும் இரண்டு மடங்குக்கு மேல். மரக்கழுத்தின் அளவுக்கே கெட்டியாக வார்த்தால் எடை ஏறிப்போகும். எனவே இழை எங்கே இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் உயிர்நாடி. ஒரு தண்டு வளையும்போது அதன் நடுப்பகுதி பெரிதாக உழைப்பதில்லை. வெளி ஓரம்தான் இழுபட்டும் அமுங்கியும் வேலை செய்கிறது. மூங்கில் உள்ளே வெறுமையாகவும் விளிம்பில் நார் செறிந்தும் இருப்பது இதனால்தான். கிராஃபைட் கழுத்தும் அந்த வழியில் போயிற்று. கழுத்தின் பின்புற வளைவுக்கு ஏற்ற அச்சில், பிசின் ஊறிய இழைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கிறார்கள். பெரும்பாலான தாள்களில் இழை நீளவாக்கில் ஓடும். கழுத்து முறுக்கிக்கொள்ளாதிருக்கச் சிலவற்றைக் குறுக்காகச் சாய்த்துப் போடுவார்கள். தாள்களுக்கு நடுவே காற்றுக்குமிழி நின்றுவிட்டால் அந்த இடம் பலவீனம்; ஆகவே அழுத்தம் கொடுத்து, சூட்டில் வைத்து இறுக வைக்கிறார்கள். அச்சிலிருந்து வருவது ஓர் ஓடு. அதன்மேல் ஃபிங்கர்போர்டை ஒட்டினால் பெட்டிபோல மூடிக்கொள்கிறது. அந்த ஃபிங்கர்போர்டும் பெரும்பாலும் கருங்காலி மரம் கிடையாது, ஃபீனாலிக் பிசின் ஏற்றிய பலகை. மரக்கழுத்தில் தப்பு செய்தால் இழைப்புளி எடுத்துச் சீவிக்கொள்ளலாம். இங்கே தப்பு அச்சில் இருந்தால் அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு கழுத்திலும் அதே தப்பு.

நியூயார்க்கில் நெட் ஸ்டைன்பெர்கர் இதே கணக்கை இன்னும் துணிச்சலாகப் போட்டார். இசைக்கருவித் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். சிற்பம் படித்து, மரச்சாமான் வடிவமைத்தவர். கழுத்தின் நுனியில் நான்கு கனமான முறுக்காணிகளைத் தொங்கவிட்டால் அது கழுத்தைக் கீழே சாய்க்கிறது, அதன் அதிர்வெண்ணையும் கீழே இழுக்கிறது. அப்படியானால் அந்தத் தலை எதற்கு? தலையை வெட்டி எறிந்து, முறுக்காணிகளை உடலின் அடிப்பக்கம் மாற்றி, உடலையும் கழுத்தையும் கார்பன் இழை, கண்ணாடி இழை, எபாக்ஸி கலந்து சேர்த்து வார்த்த எல்-2 பேஸை 1980 வாக்கில் அவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். டைம் இதழ் 1981-இன் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டிங், கெடி லீ, டோனி லெவின் கைகளில் அது உலகம் சுற்றியது. அதன் தோற்றத்தைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். அந்தத் தோற்றத்தின் ஒவ்வொரு கோடும் அதிர்கிற வளைவுக்கு எதிரான நடவடிக்கை என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

இவ்வளவு வென்ற கழுத்து ஏன் மரத்தை வீழ்த்தவில்லை? நான் முதலில் பார்ப்பது ட்ரஸ் ராடைத்தான். தொடக்க காலக் கிராஃபைட் கழுத்துகளில் அது கிடையாது. வளையாத பொருளுக்கு எதற்குத் திருத்தும் கம்பி என்பது தர்க்கம். ஆனால் பேஸ் கழுத்து கோடு போட்டதுபோல் நேராக இருக்கக் கூடாது. தந்தி நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. அதற்கு இடம்விட, கழுத்தின் நடுவே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய குழிவு தேவை. எவ்வளவு என்பது தந்தியின் தடிமனையும் வாசிப்பவரின் கையையும் பொறுத்தது. மென்மையாக மீட்டுபவருக்குக் குழிவு குறைவாக வேண்டும். கட்டை விரலால் ஓங்கி அடிப்பவருக்குக் கூடுதலாக வேண்டும். அச்சிலேயே பதிந்துவிட்ட ஒரே குழிவு எல்லாருக்கும் பொருந்தாது. நிற்கிற வளைவு வாசிப்பவருக்கு எதிரியே அல்ல. அவர் விருப்பப்படி திருத்திக்கொள்ள வேண்டிய ஓர் அளவு. மாடுலஸ் நிறுவனமே பின்னாளில் தன் கிராஃபைட் கழுத்துகளுக்குள் திருகக்கூடிய கம்பியை வைத்தது. என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை: உலகிலேயே விறைப்பான கழுத்தைச் செய்தவர்கள், அதை வேண்டுமென்றே வளைக்க ஒரு வழி தேடினார்கள்.

நாதத்தில் உயிரில்லை என்பதே கிராஃபைட் தோற்கக் காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்தக் கருத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மரக்கழுத்து சில அதிர்வெண்களை விழுங்கி, சிலவற்றை விடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் 1950-களிலிருந்து வந்த இசைத்தட்டுகள் பதிவாகின. அந்த நாதத்தில் பழகிய காதுக்கு எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் நீண்டு ஒலிப்பது அந்நியமாகப் படுவது நியாயமே. ஆனால் இது பழக்கம் சார்ந்த தேர்வு. வேறொரு இசைக்கு அந்தச் சமநிலையே தேவைப்பட்டது. பேஸ் கலைஞர் மைக்கேல் மேன்ரிங்குக்காக ஜோ ஜோன் செய்த, கிராஃபைட் கழுத்துள்ள ஹைப்பர்பேஸில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே நெம்புகோல்களைத் தட்டித் தந்திகளின் சுருதியை மாற்றலாம். சுருதி மாறும்போது இழுப்பும் மாறும். மரக்கழுத்தானால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அசைந்து கொடுத்து, மாற்றாத தந்திகளையும் சுருதி தப்ப வைக்கும். விறைப்பான கழுத்து இல்லாமல் அப்படி ஓர் இசையை நம்பி மேடையேற முடியாது. உயிரில்லாத பொருளிலிருந்து அந்த இசை வந்திருக்காது.

விலைதான் காரணம் என்பது இன்னொரு வாதம். விலை அதிகம் என்பதை யார் மறுப்பார்கள்? அச்சு, இழை, பிசின், கைவேலை எல்லாமே செலவு. ஆனால் விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால், காசு இருந்த தயாரிப்பாளர்களாவது முழுக் கிராஃபைட்டுக்கு மாறியிருக்க வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது வேறு. மரக்கழுத்துக்குள், ட்ரஸ் ராடின் இரு பக்கமும் பள்ளம் எடுத்து, இரண்டு கார்பன் பட்டைகளை எபாக்ஸியில் புதைக்கத் தொடங்கினார்கள். ஃபென்டர் தன் உயர்விலை பேஸ்களில் இப்படிச் செய்கிறது, லேக்லாண்ட் செய்கிறது. பிரான்ஸின் வீஜியே, பத்துப் பங்கு கார்பனும் தொண்ணூறு பங்கு மரமும் சேர்த்து, கம்பியே இல்லாத கழுத்து என்று தனி வழியில் போனது. பட்டைகள் கழுத்தின் நடுவாக்கில் புதைவதால், ஓட்டின் விளிம்பில் ஓடும் இழை தரும் பலன் முழுதாகக் கிடைக்காது. டெட் ஸ்பாட் அறவே மறையாது, நகரும், சற்றுத் தணியும். எனினும் ஐந்தாவது தந்தியாக 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தாழ்ந்த பி வந்து, இன்னும் 15 கிலோ அளவுக்கு இழுப்பு கூடிய காலத்தில், அந்தக் கலப்புக் கழுத்து இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொண்டது. அதிர்கிற வளைவைக் கார்பன் கட்டுப்படுத்துகிறது. நிற்கிற வளைவு, மெக்ஹியூவின் காலத்தைப் போலவே, வாசிப்பவர் கையிலுள்ள திருகுச்சாவிக்குக் கட்டுப்படுகிறது.

(தொடரும்)